நான்கா, எட்டா?

ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சோதனை நாள் வரும்: தம் அளவீடு ஆசிரியரின் முடிவோடு ஒத்துப்போகாத நாள். ஒளிச்சேர்க்கை ஆய்வின் வரலாற்றில் அத்தகைய பிணக்கு ஒன்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. அதற்கான விடை, நீலப்பசும்பாசி என நாம் படித்த சயனோபாக்டீரியாவின் மெல்லிய சவ்வுகளில் இருந்தது.

1920களின் தொடக்கத்தில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் ஒரு கேள்வியை எழுப்பினார். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிப்பட எத்தனை ஒளித்துகள்கள் தேவை? குளோரெல்லா என்னும் பச்சைப்பாசியை அழுத்தமானியில் இட்டு அளந்த அவர், ஏறத்தாழ நான்கு என்றார். இயற்கையின் வினைத்திறன் குறைவற்றது என்ற அவருடைய நம்பிக்கைக்கும் அவ்வெண் இசைந்தது. 1931இல் அவர் நோபல் பரிசு பெற்றபின் அந்த எண்ணை ஐயுறுவது எளிதாக இல்லை.

ஐயுற்றவர் அவருடைய மாணவரே. அமெரிக்கரான இராபர்ட் எமர்சன் 1927இல் வார்பர்க்கிடம் முனைவர் பட்டம் பெற்றவர். சார்ல்டன் லூயிசுடன் சேர்ந்து அதே சோதனையை மீண்டும் செய்தபோது ஒன்றைக் கண்டார். விளக்கை ஏற்றிய முதற்சில நிமிடங்களில் செல்கள் கார்பன் டைஆக்சைடைச் சட்டென உமிழ்கின்றன. அழுத்தமானி அழுத்தத்தை மட்டுமே அறியும். எந்த வாயு என்பதை அறியாது. உமிழப்பட்ட அவ்வாயுவும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதனை விலக்கி அளந்தால் எட்டு முதல் பன்னிரண்டு ஒளித்துகள்கள் தேவைப்பட்டன. 1948இல் வார்பர்க் எமர்சனின் ஆய்வகம் இருந்த அர்பானாவுக்கே வந்து பல மாதங்கள் தங்கினார். உடன்பாடு எட்டாமலே இருவரும் பிரிந்தனர்.

எட்டு என்பது ஏன் என எமர்சனாலும் அப்போது சொல்ல இயலவில்லை. ஆயினும் தடயங்கள் அவர் கையிலேயே இருந்தன. குரோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியத்தில் பைகோசயனின் என்னும் நீலநிறமி ஈர்க்கும் ஒளியும், பச்சையம் ஈர்க்கும் ஒளிக்கு ஏறத்தாழ நிகராகப் பயன்படுவதை 1942இல் அவரும் லூயிசும் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, குளோரெல்லாவில் 680 நானோமீட்டருக்கு அப்பாற்பட்ட செவ்வொளியைப் பச்சையம் ஈர்த்தும் விளைச்சல் சரிவதைக் கண்டனர். 1957இல் அச்செவ்வொளியோடு குறைந்த அலைநீள ஒளியையும் எமர்சன் சேர்த்துப் பாய்ச்சினார். கிடைத்த ஆக்சிஜன், இரண்டையும் தனித்தனியே பாய்ச்சிப் பெற்றதன் கூட்டுத்தொகையை விஞ்சியது. அனாசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியத்தில் அவ்வாறு துணைநின்ற ஒளி, பைகோசயனின் ஈர்த்த ஒளியே.

பொருள் இதுதான்: செல்லில் ஒளியை வாங்கும் அமைப்பு ஒன்றன்று, இரண்டு. சயனோபாக்டீரியாவில் பசுங்கணிகம் இல்லை. தைலகாய்டு சவ்வுகள் செல்லுக்குள் நேரடியாகவே அமைந்துள்ளன. அவற்றின் மேற்பரப்பில் பைகோசயனின் கொத்துகள் அமர்ந்து, தாம் ஈர்த்த ஆற்றலைப் பெரும்பாலும் இரண்டாம் ஒளியமைப்புக்குத் தருகின்றன. அது நீரைப் பிளந்து எலக்ட்ரானைப் பெறுகிறது. அந்த எலக்ட்ரான் சவ்வின் வழியே கைமாறிச் சென்று, பச்சையத்தின் பெரும்பகுதியைக் கொண்ட முதலாம் ஒளியமைப்பை அடைந்து, அங்கே மீண்டும் உயர்த்தப்படுகிறது. இவ்வழியில் சவ்வின் உட்புறம் சேரும் புரோட்டான்கள் வெளியேறும்போது ஏடிபி உருவாகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்கள்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒளித்துகள்கள். ஆகவே எட்டுக்குக் குறைய வழியில்லை.

இந்த விளக்கத்தைக் காண எமர்சன் இருக்கவில்லை. 1959 பிப்ரவரியில் நியூயார்க்கில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். 1960இல் இராபின் ஹில்லும் ஃபே பென்டாலும் இரு ஒளியமைப்புக் கருத்தை முன்வைத்தனர். மறு ஆண்டு லூயிஸ் டைசன்ஸ் சோதனைச் சான்று அளித்தார்.

எமர்சனிடம் ஆய்வு மாணவர்களாக இருந்த கோவிந்தஜீ, ரஜனி இருவரும் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்றவர்கள். ஆசிரியரை இழந்தபின் யூஜின் ரபினோவிச்சின் வழிகாட்டலில் ஆய்வை நிறைவு செய்தனர். வார்பர்க் தம் முடிவுக்கு இன்றியமையாதவை எனக் கூறிய நிபந்தனைகளுக்கு உட்பட்டே ரஜனி மீண்டும் அளந்தார். 1968இல் மூவரும் வெளியிட்ட முடிவிலும் எட்டுக்குக் குறையவில்லை. வார்பர்க் 1970இல் மறையும்வரை அதனை ஏற்கவில்லை.

எமர்சன் தம் ஆசிரியரிடம் கற்ற கருவியைக் கொண்டே, கற்ற கண்டிப்போடுதான் அளந்தார். ஆசிரியரின் எண் பொய்த்தபோதும் அவர் கற்பித்த அளவீட்டு ஒழுக்கம் பொய்க்கவில்லை. 2001இல் ஒரு வெந்நீர்ச் சயனோபாக்டீரியத்திலிருந்து இரு ஒளியமைப்புகளையும் தனித்தனியே படிகமாக்கி, அவற்றின் முப்பரிமாண வடிவங்களை ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்த ஆய்வுகள் நடந்த ஊர் வார்பர்க்கின் பெர்லின்.