வேடம் கட்டிய மவுஸ்

1990-களின் கடைசியில் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தவர்களிடம் திரை ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் மவுஸ் எந்த வகை? சீரியலா, பஸ் மவுஸா, பி.எஸ்/2-வா? பொத்தான் இரண்டா, மூன்றா? மவுஸைத் திருப்பிப் பார்த்து, மேசைக்கு அடியில் குனிந்து, வயர் எந்தத் துளையில் போகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் பதில் சொல்ல முடியும். தப்பாகச் சொன்னால், மவுஸை லேசாகத் தொட்டாலே அம்பு திரையின் மூலைக்கு ஓடி ஒட்டிக்கொள்ளும்.

காரணம் எளிது. யூனிக்ஸ் மரபில் சாதனங்களும் கோப்புகளாகவே தெரியும். சீரியல் மவுஸ் என்றால் /டெவ்/டி.டி.ஒய்.எஸ்0, பி.எஸ்/2 என்றால் /டெவ்/பி.எஸ்.ஆக்ஸ். கோப்பு வேறு, அதில் வரும் பைட்டுகளின் ஒழுங்கும் வேறு. மைக்ரோசாஃப்ட் வகை சீரியல் மவுஸ் நொடிக்கு 1200 பிட் வேகத்தில், ஒவ்வோர் அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும். அதை வேறு வகையாக நினைத்துப் படிக்கும் நிரலுக்கு வருவதெல்லாம் உளறல்தான். எழுத்துத் திரைக்கு அலெசாண்ட்ரோ ரூபினியின் ஜி.பி.எம், வரைகலைக்கு எக்ஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட எக்ஸ்ஃப்ரீ86 என்று மவுஸைக் கேட்டு நின்ற நிரல்களும் இரண்டு. ஒரே நேரத்தில் இருவரைச் சேர்த்துக்கொள்ளாத மவுஸ்களும் இருந்தன. அதனால் ஜி.பி.எம் வாங்கி எக்ஸுக்குக் கைமாற்றிவிடும் ஏற்பாடு கூட வந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் யூ.எஸ்.பி நுழைந்தது. அதன் முதல் வரையறை 1996-இல் வெளிவந்தது. 1998-இல் ஆப்பிளின் ஐமேக் பழைய துளைகளை ஒழித்துவிட்டு யூ.எஸ்.பி கீபோர்டு, மவுஸோடு கடைக்கு வந்தது. லினக்ஸ் பின்தங்கியிருந்தது. 1999-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே உட்கார்ந்து ஒரு யூ.எஸ்.பி அடித்தளத்தை எழுதத் தொடங்கினார். அது முறையாகப் பயனர் கைக்கு வந்தது 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலோடு.

வந்தும் உடனே வேலை செய்துவிடவில்லை. மதர்போர்டில் இருப்பது யூ.எச்.சி.ஐ கட்டுப்படுத்தியா, ஓ.எச்.சி.ஐ-யா என்று அறிந்து அதற்கான மாட்யூலை ஏற்ற வேண்டும். பிறகு எச்.ஐ.டி, இன்புட், மவுஸ்டெவ் மாட்யூல்களையும். ஒன்று விட்டுப்போனாலும், மவுஸின் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அம்பு மட்டும் அசையாது.

மவுஸ் வகைச் சிக்கலை அவிழ்த்தவர் சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த செக் நாட்டுக்காரர் வோய்டெக் பாவ்லிக். யூ.எஸ்.பி மவுஸ், செருகியதும் தன் ஜாதகத்தைத் தானே ஒப்பிக்கும்: இத்தனை பொத்தான், இரண்டு அச்சு, ஒரு சக்கரம் என்று. அவர் உருவாக்கிய இன்புட் அடுக்கு அதைப் படித்து, அசைவுகளைப் பொதுவான நிகழ்வுகளாக மாற்றியது. ஆனால் அன்றைய எக்ஸுக்கு அந்தப் புது மொழி தெரியாது. ஆகவே மவுஸ்டெவ் ஒரு வேடம் கட்டியது. /டெவ்/இன்புட்/மைஸ் என்ற ஒரே கோப்பு. அதைத் திறந்து படிக்கும் நிரலுக்கு, பின்னால் இருப்பது பழைய பி.எஸ்/2 மவுஸ் போலவே தெரியும்.

எத்தனை மவுஸ் செருகினாலும் அசைவுகள் அந்த ஒரு கோப்பில் வந்து கலக்கும். ஒன்றைப் பிடுங்கினாலும் கோப்பு அப்படியே இருக்கும். இதில்தான் பெரிய லாபம்: தொடங்கும்போது மவுஸ் கிடைக்காவிட்டால் எக்ஸ் கிளம்பவே மறுத்து நின்றுவிடும்; கோப்பு எப்போதும் இருந்ததால் அந்தத் தொல்லை தீர்ந்தது. பயனர்கள் அமைப்புக் கோப்பில் டிவைஸ் என்ற இடத்தில் இந்தப் பாதையையும், புரோட்டோகால் என்ற இடத்தில் ஐ.எம்.பி.எஸ்/2 என்றும் எழுதினார்கள். சக்கரம் சுழல இன்னொரு வரி வேண்டும். மேலே உருட்டினால் நான்காவது பொத்தான், கீழே உருட்டினால் ஐந்தாவது என்று எக்ஸ் அதைக் கணக்கில் வைத்தது.

அந்த வரிகளும் மெல்ல மறைந்தன. 2003-இல் செருகிய சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் வந்தது. 2010-இல் எக்ஸின் புதிய வடிவமான எக்ஸ்.ஆர்க் 1.8, புதிதாகச் செருகிய சாதனத்தை யூடெவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொடங்கியது. பின்னால் பீட்டர் ஹட்டரர் முன்னின்று வளர்த்த லிப்இன்புட் வந்து அம்பின் வேகம், சக்கரத்தின் போக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கவனித்துக்கொண்டது.

மிச்சமிருக்கும் தொல்லைகள் வேறு வகை. யூ.எஸ்.பி மவுஸ் தானாகப் பேசாது. கம்ப்யூட்டர் கேட்டால்தான் சொல்லும். சாதாரண மவுஸ்களிடம் நொடிக்கு 125 முறை கேட்பது வழக்கம். சில ஆப்டிகல் மவுஸ்கள், யாரும் கேட்காமல் விட்டால், நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பைத் துண்டித்துத் திரும்பச் சேர்ந்துகொள்ளும். அவற்றை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லும் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று கெர்னலில் இருக்கிறது. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று தானியங்கி உறக்கத்தை இயக்கிவிட்டால், மவுஸ் இரண்டு நொடி சும்மா இருந்ததும் தூங்கிப்போகும். சில மவுஸ்களைப் பொத்தானை அழுத்தித்தான் எழுப்ப வேண்டும்.

பி.எஸ்/2 துளையே இல்லாத கம்ப்யூட்டரிலும் மவுஸ்டெவ் ஏறும்போது கெர்னல் பதிவேட்டில் ஒரு வரி விழும். அதன் பொருள்: எல்லா மவுஸுக்கும் பொதுவான பி.எஸ்/2 மவுஸ் சாதனம்.