பாலக்காட்டு எல்லைச் சிறுசபைகளும் வழிபாட்டு மொழியும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காடு கேரளத்துடன் இணைந்தது. ஆயின் மறைமாவட்ட எல்லை மாறவில்லை. அதன் கிழக்குப் பகுதியிலிருந்த இலத்தீன் முறைக் கத்தோலிக்கத் தமிழர் கோயம்புத்தூர் மறைமாவட்டத்திலேயே நீடித்தனர்.

திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தவரை மொழிவேற்றுமை பீடத்தைத் தொடவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு இடமளித்தபின், எம்மொழி என்னும் வினா எழுந்தது. கோவைத் தொடர்பால் தமிழ்த் திருப்பலி நூலையும் தமிழறிந்த குருக்களையும் இச்சிறுசபைகள் பெற முடிந்தது.

2013 திசம்பரில் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களைப் பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. இப்பகுதியில் இரு எல்லைகளும் பொருந்த 57 ஆண்டுகள் ஆயின. சிறுசபையின் நிலைபேறு உறுப்பினர் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. அதன் மொழியில் மறையுரையாற்ற வல்லார் தொடர்ந்து கிடைப்பதாலும் அமைவதாகும்.