மீன் பெயர்களில் தங்கிய அறிவு

1. ஆய்வின் எல்லை

மீனைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். இலக்கியம் படித்தவர் கயலையும் சேலையும் எடுத்துக்கொண்டு கண்ணழகோடு நின்றுவிடுகிறார். மீன்வளம் படித்தவர் இலத்தீன் பெயரை முன்னால் நிறுத்தி, ஊர்ப்பெயரை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்த ஊர்ப்பெயரை நடுவில் வைத்துப் பார்க்கிறது. மீனுக்கு நம்மவர்கள் இட்ட பெயர்களும், மீனிலிருந்து அன்றாடப் பேச்சுக்கு வந்த சொற்களும், நீரை நெடுநாள் உற்றுப் பார்த்தவர்கள் சேர்த்துவைத்த அறிவு என்பது என் கருத்து. சில இடங்களில் அவர்கள் கணிப்புப் பிழைத்திருக்கிறது. அந்தப் பிழைகளையும் விடாமல் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2. சொல்

2.1 நீரிலும் வானிலும்

'மின்' என்ற அடியிலிருந்து 'மீன்' பிறந்தது என்பர் சொல்லறிஞர் பலர். காலை வெயிலில் கண்மாய்க் கரையில் நின்று, மேலே துள்ளி விழும் கெண்டையைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வானத்தில் மின்னுவதற்கும் அதே பெயர்தான். பழந்தமிழில் கார்த்திகைக் கூட்டம் அறுமீன்; ஏழு முனிவர் கூட்டம் எழுமீன்; அருந்ததி வடமீன். நாளைக் குறிக்கும் விண்மீனை நாள்மீன் என்றும், இடம்பெயரும் கோளைக் கோள்மீன் என்றும் பிரித்தறிந்தார்கள்.

சிந்துவெளி முத்திரைகளில் திரும்பத் திரும்ப வரும் மீன் குறியை ஹீராஸ் பாதிரியாரும், அவருக்குப் பின் அஸ்கோ பர்போலாவும் இந்த இரட்டைப் பொருளைக் கொண்டே விண்மீன் என்று படித்தார்கள். ஆறு கோட்டுக்குப் பக்கத்தில் மீன் இருந்தால் அறுமீன், ஏழு கோடு இருந்தால் எழுமீன் என்பது பர்போலாவின் வாதம். சிந்துவெளி எழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படாததால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. ஆனாலும் அந்த வாதத்துக்குத் தேவையான இரு சொற்களும் சங்கப் பாடல்களில் இருக்கின்றன என்பது சிறிய செய்தியன்று.

2.2 பேச்சில் புகுந்த மீன்

கடலையே பார்க்காத ஊரிலும் நாளிதழில் போலீசார் குற்றவாளியை 'வலைவீசித் தேடி'க்கொண்டிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்ட சதைக்குக் கெண்டைக்கால் என்று பெயர். நடுவில் பருத்து இருமுனையும் ஒடுங்கிய அந்த வடிவத்தைக் கெண்டை மீனோடு சேர்த்துப் பார்த்தவர் எவரோ, நல்ல கண்ணுள்ளவர். சண்டையில் 'செவுளில் ஒன்று விடுவேன்' என்கிறவர் மனிதக் கன்னத்துக்கு மீனின் உறுப்பைக் கொடுக்கிறார். முடிவெடுக்காமல் இழுத்தடிப்பவர் மீனமேஷம் பார்க்கிறார். பிடி கொடுக்காதவர் கழுவுற மீனில் நழுவுற மீன். போனது திரும்பாது என்பதற்குக் கருவாடு மீன் ஆகாது என்ற மூன்று சொல் போதும்.

3. பெயரிடும் முறை

மீன் பெயர்களில் மிகுதி வடிவத்தால் வந்தவை. வாள் போன்றது வாளை. நாக்குப் போல் தட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடப்பது நாக்குமீன். இறக்கை விரித்தாற்போல் அகன்றது வாவல், அதாவது வௌவால். அதிலும் கருவாவல், வெள்ளை வாவல் என்று நிறம் பிரிப்பார்கள். நடத்தையால் வந்த பெயர்கள் குறைவு, ஆனால் அவைதாம் ஆய்வுக்குச் சுவையானவை. பனையேறிக் கெண்டை அதற்குச் சான்று. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர் தால்தோர்ஃப், 1791இல் இந்த மீனைப் பனைமரத்தில் கண்டதாக எழுதினார். அது 1797இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளியாகி, ஐரோப்பிய அறிஞரிடையே நெடுநாள் விவாதமாயிற்று. மரமேறுகிறதோ இல்லையோ, செவுள் மூடியின் முள்ளை ஊன்றி ஈரத்தரையில் தத்திச் செல்வதும், காற்றை நேரடியாகச் சுவாசிப்பதும் உண்மை. புதுமழைக்கு வரப்பின்மேல் ஏறி வரும் அந்த மீனைக் கண்ட உழவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்காது.

அதே தரங்கம்பாடியிலிருந்து சமயப்பணியாளர் ஜான் என்பவர் மீன்களைப் பெர்லினிலிருந்த மீனியலறிஞர் புளொக்குக்கு அனுப்பிவந்தார். அவர் நினைவாகக் கத்தாழை இன மீன்களுக்கு ஜானியஸ் என்று பேரினப் பெயர் சூட்டப்பட்டது. அதில் ஒன்று ஜானியஸ் கருட்டா. நம் 'கருத்த கத்தாழை'யின் 'கருத்த' தான் அது. பிற்காலத்தில் இன்னொரு பேரினம் கத்தாலா என்றே பெயர் பெற்றது. உலகமெங்கும் அறிவியலார் வாயில் நம் மீனவர் சொல் இருக்கிறது.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதைக் குழப்பம் என்று ஒதுக்குவது தவறு. சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா, நாஞ்சில் நாட்டில் நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. சென்னைச் சந்தையில் 'சீலா' கேட்டால் தென்கடலோரத்தார் ஊளி என்னும் வேறு மீன் கிடைக்கும். சங்கப் பாட்டின் அயிலை மலையாளத்தில் அயலயாக இன்றும் வழங்குகிறது. சென்னையில் அதுவே காணாங்கெளுத்தி. எந்தச் சொல் எந்தக் கரையில் தங்கியது என்று வரைந்து பார்த்தால், படகும் வணிகமும் போன வழி தெரியும். இந்த வரைபடத்தை இன்னும் யாராவது முழுதாகப் போட்டுத் தர வேண்டும்.

4. அடுப்படி

அகநானூற்றின் 60ஆம் பாட்டு தொண்டிக் கடற்கரையில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் காட்டுகிறது. படகோடு தங்கிவிட்ட தந்தைக்குச் சிறுமகள் சோறு கொண்டுபோகிறாள். உப்பு விற்றுக் கொண்ட நெல்லின் வெண்சோறு, அயிலை இட்டுக் காய்ச்சிய புளிக்குழம்பு, கொழுத்த மீன் துண்டு. இன்றைக்கும் கடலோர வீட்டில் மதியம் இதே தட்டுதான். மிளகாய் மட்டும் பிறகு வந்து சேர்ந்தது.

புளி ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. கடல்மீனின் உடலில் உள்ள ஒரு பொருள், மீன் செத்தபின் சிதைந்து கவிச்சி வாடையுள்ள அமீனாக மாறுகிறது. புளிப்பு அந்த அமீனோடு சேர்ந்து உப்பாகி, காற்றில் கிளம்பாதபடி அதைக் கட்டிப்போடுகிறது. ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே அடுப்படி இதை அறிந்திருந்தது. அந்த வாடை பாட்டிலும் உண்டு: நற்றிணையின் 45ஆம் பாட்டில், தேரில் வந்த செல்வனைத் தோழி விலகி நிற்கச் சொல்கிறாள். சுறாவை அறுத்துக் காயவைக்கும் நாங்கள் புலவு நாறுகிறோம் என்கிறாள். அந்தச் சொல்லில் வெட்கம் இல்லை, தொழிலின் நிமிர்வு இருக்கிறது.

கண்மாய் மீனுக்குப் பக்குவம் வேறு. அதில் வாடையைவிடச் சேறுதான் சிக்கல். எங்கள் சிவகங்கைச் சீமையில் அயிரை வாங்கினால் உயிரோடுதான் வாங்குவார்கள். விரல் நீளம்கூட இருக்காது. அப்பத்தா அதைச் சொரசொரப்பான மண்சட்டியில் கொட்டி, ஒரு கிண்ணம் பால் விடுவார். மீன் பாலைக் குடித்துக் குடலில் உள்ள மண்ணைக் கக்கும். பிறகு கல்லுப்பைப் போட்டு, சட்டியை மூடி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பார். வழவழப்பும் நுண்செதிலும் சட்டியின் சுவரில் உரசிக் கழன்று நுரையாக வரும். தண்ணீர் தெளியும் வரை ஏழெட்டு முறை அலசுவார். தலை கிள்ளுவதில்லை, குடல் எடுப்பதில்லை. முழுசாகவே கொதிக்கும் குழம்பில் போகும். போட்டபின் கரண்டி விட்டுக் கிண்டக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்க வேண்டும். சிறு மீனைக் கொடுத்துப் பெரு மீனை வாங்குவோரைப் பற்றிப் பழமொழி நானூறு பேசும்போது, கொடுக்கும் மீன் அயிரை, வாங்கும் மீன் வரால். இன்று மதுரைச் சந்தையில் அயிரையை அப்படி மலிவாக நினைக்க முடியாது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு கொடுப்பது கடலோர வழக்கம். பெயரிலேயே மருந்து இருக்கிறது.

5. கதை

பெரியபுராணத்து அதிபத்தர் நாகப்பட்டினத்து நுளையர். நாள்தோறும் வலையில் முதலில் படும் மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். ஒருநாள் ஒரே மீன் பட்டது, அதுவும் பொன்மீன், அதையும் விட்டார். திருவிளையாடற் புராணத்தில் சிவனே வலைஞராகி வந்து, சுறாவாகத் திரிந்த நந்தியைப் பிடித்து, பரதவர் மகளாகப் பிறந்த உமையை மணக்கிறார். கடல்தொழிலைத் தாழ்வாக எண்ணியிருந்தால் இக்கதைகள் பிறந்திருக்க மாட்டா.

மதுரையில் முரண்போலத் தோன்றும் ஒன்று உண்டு. பாண்டியர் கொடியில் மீன், அம்மன் பெயரில் மீன். பொற்றாமரைக் குளத்தில் மட்டும் மீன் இல்லை. அக்குளத்தில் மீன் தின்ன மனம் வராமல் பட்டினி கிடந்த நாரை முத்தி பெற்றது என்றும், பின்வரும் நாரைகள் பழிக்கு ஆளாகாதபடி அங்கே மீனே வேண்டாம் என்று வரம் கேட்டது என்றும் புராணம் சொல்கிறது.

6. பார்வையும் முட்டையும்

மீனாட்சி என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம்: மீன் தன் முட்டையைக் கண்ணால் பார்த்தே பொரிக்கும், அதுபோல அம்மை உலகைப் பார்வையால் காக்கிறாள். சைவத்தில் குரு பார்வையாலேயே அளிக்கும் நயன தீட்சைக்கும் இதே உவமை. உயிரியல் இதை ஏற்காது. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்.

ஆனால் விராலைப் பாருங்கள். பாசிக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டை மேலே மிதக்கும். தாய்தகப்பன் கீழே அசையாமல் காவல் நிற்கும். மீனுக்கு இமையில்லை. கரையிலிருந்து பார்ப்பவருக்கு, கண் கொட்டாமல் முட்டையையே நோக்கியிருப்பதாகத்தான் தோன்றும். இரண்டொரு நாளில் முட்டை பொரிந்துவிடும். பின்பு குஞ்சுகள் செந்நிறக் கொத்தாகத் திரியும், விரால் அடியிலேயே வரும். அந்த நம்பிக்கை விராலைக் கவனித்தவரிடமிருந்து வந்தது என்பது என் ஊகம். காரணத்தைப் பிழையாகச் சொன்னாலும், கண்ட காட்சியைச் சரியாகவே கண்டிருக்கிறார்கள். கடல் கெளுத்தியில் ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கிறது. இதைப் பழங்கதை தொடவில்லை.

விலாங்கு பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பது இரட்டை வேடக்காரனுக்குச் சொல்வது. விலாங்கு மீன்தான். ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போய், அதன் குஞ்சுகள் மறுபடி ஆறேறி வருகின்றன. பழமொழி அதை வஞ்சகன் என்றது நியாயமில்லை; இரண்டு நீரும் அதற்கு வீடு. இடையில் கட்டிய அணைகள் அந்த வழியை அடைத்துவிட்டன.

7. பெயர் போகும் வழி

பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். அது வேளா மீனின் அரம் போன்ற மூக்கு என்று கொள்ளலாம். 2001இல் வேளா மீன்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. இன்று கண்டவர் அரிது. 1952இல் இந்தியாவுக்கு வந்த சிலேபிக் கெண்டை கண்மாயில் நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா இன்னும் நடக்கிறது. கூடையில் எத்தனை வகை மீன் வருகிறது என்பதுதான் கேள்வி. நகரத்துக் கடையில் தலையும் செவுளும் இல்லாத துண்டுக்கு 'பாசா' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. புதிய மீனா என்று தூக்கிப் பார்க்கச் செவுள் இல்லாத மீனிடம் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்?

தமிழ்த்துறைகளும் மீன்வளக் கல்லூரிகளும் சேர்ந்து, கரை கரையாக, கண்மாய் கண்மாயாக இப்பெயர்களைத் தொகுக்க வேண்டும். மீனின் படம், ஊர், பிடித்த கருவி, சமைக்கும் முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாசகர்களும் செய்யலாம். அடுத்த முறை மீன்காரம்மாவிடம் விலை கேட்குமுன் பெயரைக் கேளுங்கள். அவர் சொன்னதை, ஊர்ப்பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள்.