ஊசியும் கணக்கும்

முதல் வகை நீரிழிவின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் டொராண்டோவிலேயே நின்றுவிடுகிறார்கள். 1922 ஜனவரியில் அங்கே 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் போடப்பட்டது. சாவின் வாசலில் கிடந்த சிறுவன் பிழைத்தான். மருத்துவ வரலாற்றின் மகத்தான நாட்களில் அது ஒன்று. ஆனால் நிமோனியாவில் அவர் இறந்தபோது வயது 26தான். இன்சுலினால் பிழைத்த பலருக்கு ஆண்டுகள் செல்லச்செல்லக் கண்ணும் சிறுநீரகமும் கெட்டன. உயிரைத் தந்தது இன்சுலின். நீண்ட ஆயுளைத் தந்தது நோயாளியின் கைக்கே வந்துசேர்ந்த அன்றாடக் கணக்கு என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பழக்கத்துக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜாஸ்லின். இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918இல், நோயாளிகள் படிப்பதற்கென்று கையேடு எழுதினார். வீட்டு அடுப்படி பரிசோதனைக்கூடமானது. பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை; பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி, அளவு பார்த்துப் போட்டுக்கொண்டார்கள். லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸும் இந்த நோய் உள்ளவர்தான். 1923இல் இன்சுலின் தொடங்கி, 1968 வரை வாழ்ந்தார். 1970 முதல் ஜாஸ்லின் மையம், இன்சுலினோடு 50 ஆண்டு கடந்தவர்களுக்குப் பதக்கம் வழங்கியது.

இவர்கள் வசதி படைத்தவர்கள், இல்லையேல் உடல்வாகு அமைந்த அதிர்ஷ்டசாலிகள் என்று மறுக்கலாம். இன்சுலினோடு 58 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். பதக்கம் பெற்றவர்களிலும், கட்டுப்பாடு சுமாராக இருந்தும் பெரிய பாதிப்பில்லாமல் தப்பியவர்கள் உண்டு. ஆனால் 1983இல் வட அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில் 1,441 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். அதிர்ஷ்டம் இரு பக்கமும் சமமாகவே விழுந்திருக்கும். அடிக்கடி சோதித்து அளவை மாற்றிக்கொண்ட பிரிவில், புதிதாகக் கண் பாதிப்பு வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது மூன்று மடங்கானது. அந்த விலையை மறைக்கக் கூடாது. அதையும் முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பது சோதனைதான்.

வசதி பற்றிய மறுப்பை நான் ஏற்கிறேன். அதனால்தான் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும் இடங்களிலெல்லாம் சோதனைப் பட்டைகளும், அவற்றைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் செவிலியரும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.