காவலூர் ஆடியும் அதன் சோதனைகளும்

மருந்து ஆலைகளின் ஆய்வகங்களில் ஒரு கருவியைப் பணிக்கு ஏற்பதற்கு முன், அதன் வடிவமைப்பு தேவைக்குப் பொருந்துகிறதா, அது உரிய முறையில் நிறுவப்பட்டுள்ளதா, சொன்னபடி இயங்குகிறதா, உண்மையான வேலையில் தொடர்ந்து சரியான முடிவைத் தருகிறதா என்று நான்கு படிகளில் சோதித்து ஆவணப்படுத்துவது இன்று கட்டாயமாகும். ‘வேலிடேஷன்’ என்று தொழில்வட்டாரத்தில் வழங்கும் இந்த ஒழுங்கு, சிரைவழி ஏற்றும் திரவங்களில் கிருமிநீக்கம் தவறியதால் நேர்ந்த விளைவுகளை ஒட்டி, 1970களின் நடுவில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாக அதிகாரிகளான டெட் பையர்ஸ், பட் லாஃப்டஸ் ஆகியோரால் முன்மொழியப்பட்டு, 1987இல் அந்நிர்வாகத்தின் வழிகாட்டு நெறியாக வடிவம் பெற்றது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், எந்த மருந்துச் சட்டமும் எட்டாத ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், இதே நான்கு கேள்விகள் ஒரு தொலைநோக்கியை நோக்கி எழுப்பப்பட்டன.

காவலூரில் கருவிக்கு முன்னதாகத் தேர்வுக்கு உள்ளானது இடமே ஆகும். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்பு, சூரிய ஆய்வுக்கு உகந்த அம்மலை இரவு வானத்துக்கு அவ்வளவாக உதவாது என்று கண்டு, வேறு இடம் தேடினார். விளக்கொளி எட்டாத இருள், மேகமற்ற இரவுகள், தெற்கு வானத்தையும் காணத்தக்க குறைந்த அட்சரேகை ஆகியவற்றோடு, காற்றடுக்குகளின் அசைவால் விண்மீனின் உருவம் எந்த அளவுக்குக் கலங்குகிறது என்பதும் இத்தகைய தேர்வில் அளக்கப்படும். நல்ல ஆடியையும் மோசமான காற்று கெடுத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், 12½ பாகை வட அட்சரேகையில் அமைந்த காவலூரில், உள்நாட்டிலேயே உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் 1968இல் பணி தொடங்கியது.

1972இல் ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த 1972 ஜூன் 7 நிகழ்வை அது பதிவு செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு மற்றொரு விண்மீனை மறைக்கவிருந்த நேரத்தில், அந்த விண்மீனின் ஒளி முன்கூட்டியே சற்றுக் குன்றி மீண்டதையும் அதுவே காட்டியது. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க வானூர்தித் தொலைநோக்கியும் தன்னளவில் இத்தகைய ஒளிக்குறைவுகளைப் பதிவு செய்திருந்ததால், யுரேனசின் வளையங்கள் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றன. கானிமீடின் கதை வேறு: 1972ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து அதற்கு வளிமண்டலம் உண்டு என்று கூறப்பட்டாலும், 1979இல் வாயேஜர் விண்கலம் அளந்தபோது அவ்வளிமண்டலம் முதலில் மதிப்பிடப்பட்டதைக் காட்டிலும் மிக மிக மெல்லியதாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. கருவி தகுதி பெற்றுவிட்டால் அதன் தரவுக்குச் சொல்லப்படும் விளக்கமும் தகுதி பெற்றுவிடும் என்று கொள்ளலாகாது. சான்றிதழ்களின் மேல் பெருநம்பிக்கை வைப்போர் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

யேனாவிலிருந்து வந்த கருவிக்குப் பெயர்பெற்ற உற்பத்தியாளர் ஒருவரின் பொறுப்பு துணைநின்றது. பாப்பு அடுத்துத் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கோ அத்தகைய துணை கிடையாது. செய்பவரும் சோதிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். வெப்பநிலை மாறினாலும் ஏறத்தாழ விரிவடையாத ‘செரோடூர்’ என்னும் கண்ணாடிப் பீங்கான் வட்டு ஜெர்மனியிலிருந்து வரவழைக்கப்பட்டு, பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் ஆய்வகத்தில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. சோதனையின் உண்மையான சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. கோள வடிவ ஆடி ஒன்றின் வளைவு மையத்தில் ஒளிப்புள்ளியை வைத்தால், கதிர்கள் அதே புள்ளிக்குத் திரும்பிவரும். 1858இல் ஃபூக்கோ வகுத்த கத்திமுனைச் சோதனையில், திரும்பும் ஒளியின் குறுக்கே கூரிய விளிம்பு ஒன்றைச் செலுத்தினால், ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்கே ஆன மேடுபள்ளங்களும் நிழலாகத் தெரியும். தொலைநோக்கிக்கு வேண்டிய பரவளைய ஆடியிலோ, அது குறையற்றதாக இருந்தாலும், வளைவு மையத்திலிருந்து சென்று திரும்பும் கதிர்கள் ஒரு புள்ளியில் கூடுவதில்லை. எனவே பரவளையத்தின் இயல்பான விலகலை ஈடுசெய்யும் திருத்தி ஒன்றை இடையில் வைத்துச் சோதிப்பது வழக்கம். அவ்வாறு செய்யும்போது, ஆடியின் நம்பகம் அத்திருத்தியின் நம்பகத்தைச் சார்ந்ததாகிவிடுகிறது.

இச்சார்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை, 1990இல் ஏவப்பட்ட ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி உலகுக்குக் காட்டியது. அதன் 2.4 மீட்டர் ஆடியைச் சோதித்த திருத்தியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறியிருந்தது. ஆடி அத்தவறான வடிவத்துக்கே மிகத் துல்லியமாக மெருகேற்றப்பட்டு, விளிம்பில் சுமார் 2 மைக்ரோமீட்டர் தட்டையாகிவிட்டது. எளிமையான வேறு இரு சோதனைகள் பிழையைக் காட்டியிருந்தும், அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன என விசாரணைக் குழு கண்டறிந்தது. துல்லியமான ஒரே சாட்சியைக் காட்டிலும், ஒன்றையொன்று சாராத இரு சுமாரான சாட்சிகள் மேல் என்பதே அவ்வறிக்கையிலிருந்து கருவிச் சோதனையாளர் கொள்ளத்தக்க பாடமாகும்.

தரையில் நிற்கும் தொலைநோக்கிக்கு ஹபிளுக்கு வாய்க்காத ஒரு வசதி உண்டு. ஆடியின் முன் துளைகளிட்ட தட்டு ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு துளை வழியாகவும் வரும் விண்மீன் ஒளி குவியத்துக்கு அருகில் எங்கே விழுகிறது என்று அளக்கும் ஹார்ட்மன் சோதனை, பட்டறையின் திருத்தி எதையும் நம்பாமல், ஆடி, தாங்கி, குழாய், காற்று ஆகிய அனைத்தையும் பணியிடத்திலேயே ஒருசேரத் தேர்வுக்கு உட்படுத்துகிறது; குறை தெரிந்தால் ஆடியை இறக்கித் திருத்தவும் இயலும். 1982இல் பாப்பு மறைந்தார். 1985 நவம்பரில் அந்தப் பெரிய ஆடி வானத்தை நோக்கியது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

தகுதிச் சோதனை அன்றோடு முடிவதில்லை. ஆடியின் அலுமினியப் பூச்சு காலப்போக்கில் மங்குவதால், ஆடியைக் கழற்றிக் கழுவி, வெற்றிடக் கலத்தில் மீண்டும் பூச வேண்டியிருக்கிறது. ஒளியுணர் சில்லின் புள்ளிகள் ஒரே ஒளிக்கு ஒரே அளவில் எதிர்வினை காட்டாததால், சீராக ஒளியூட்டப்பட்ட பரப்பைப் படமெடுத்து அவ்வேறுபாடு நீக்கப்படுகிறது. ஒளி அளவு நன்கறியப்பட்ட நியம விண்மீன்களும் அதே இரவில் நோக்கப்படுகின்றன. ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில், தோரியம்–ஆர்கான் விளக்கின் அலைநீளம் அறிந்த கோடுகள் விண்மீனின் பதிவுகளோடு சேர்த்துப் பதிவாகின்றன. இவ்விளக்குப் பதிவு விடுபட்டுப்போனால், அன்றைய நிறமாலையிலிருந்து விண்மீன் எவ்வளவு விரைவில் நெருங்குகிறது அல்லது விலகுகிறது என்பதைத் துல்லியமாகக் கணிக்க இயலாது.