வட கொழும்பின் இசை நாடக மேடையும் பல்குரல் பயிற்சியும் (1877–1947)

கிராண்ட்பாஸிலிருந்து கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி வழியாக மருதானை வரை நடந்தே போய்விடலாம். இந்தச் சிறு பரப்பில்தான் தமிழ் இசை நாடகமும் சிங்கள இசை நாடக வடிவமான நூர்த்தியும் அருகருகே வளர்ந்தன. அக்கால மேடைப் பாடகரின் பல்குரல் வல்லமையைப் பிறவிக் கொடை என்றே பேசிவருகிறோம். கொட்டகையின் தேவைகளே அதைப் பயிற்சியாக உருவாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

பொது மெட்டுக் களஞ்சியம்

1877இல் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழு கொழும்பில் 'இந்திர சபா'வை மேடையேற்றியது. அதே ஆண்டு சி. தொன் பஸ்தியனின் 'ரொலினா'வோடு நூர்த்தி பிறந்தது. நாடகாசிரியர் ஜோன் த சில்வாவின் 'சிறிசங்கபோ' (1903) நாடகத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி இசையமைத்தார். சிங்களம் அறியாத அவர், பாடலின் பொருளையும் காட்சியின் உணர்ச்சியையும் கேட்டறிந்து இந்துஸ்தானி இராகங்களில் மெட்டுக் கட்டினார். 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டபின் நூர்த்திக்கு நிலையான மேடை கிடைத்தது.

தமிழகத்திலும் இதே பார்சி மெட்டுகள் பரவின. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தம் நாடகங்களில் வெண்பா, விருத்தம், கும்மி, காவடிச்சிந்து ஆகியவற்றோடு இந்துஸ்தானி மெட்டுகளையும் சேர்த்தார். தாளமின்றி விரியும் விருத்தமும் துள்ளும் சிந்தும் ஒரே இரவில் ஒரே தொண்டையிலிருந்து வந்தாக வேண்டும். சிறுவர்களே நடித்த பாலர் கம்பனிகளின் பயிற்சி இதற்கானது. மகரக்கட்டு (பருவத்தில் குரல் உடைதல்) வந்த சிறுவன் பெண் வேடமான ஸ்திரீபார்ட்டை இழந்தான். உடைந்த குரலைத் திரும்பப் பழக்கியவனே நாயக வேடமான ராஜபார்ட்டுக்கு வந்தான்.

ஒரே கட்டை, மூன்று வேடம்

தமிழகக் குழுக்களுக்குக் கொழும்பு தவறாத அரங்காயிற்று. 1926இல் கொழும்பில் நடித்துக்கொண்டிருந்த கே. பி. சுந்தராம்பாளுடன் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) 'வள்ளி திருமண'த்தில் இணைந்தார். இருவருமே மேல் ஸ்தாயிச் சஞ்சாரத்துக்குப் பெயர் பெற்றவர்கள்.

இந்நாடகம் குரலுக்கு ஒரு சோதனை. முருகனாக வரும் ராஜபார்ட், வேலன், வேடன், விருத்தன் என மாறிமாறித் தோன்ற வேண்டும். வேடனின் குரல் நெஞ்சிலிருந்து திறந்து, சொல்லை வெட்டி வரும். விருத்தனுக்கோ மூச்சு நடுங்க வேண்டும், சொல் இழுபட வேண்டும். ஆனால் சுருதி இம்மியும் விலகக் கூடாது. ஆர்மோனியம் பாடகரின் கட்டையில் (ஆதார சுருதியில்) நிற்கும். வேடம் மாறினாலும் கட்டை மாறாது. ஆகவே வேறுபாடு முழுவதையும் தொனியும் மூச்சும் உச்சரிப்புமே சுமந்தன. பின்வரிசைக்கும் கேட்க வேண்டும், ஒலிவாங்கி இல்லை. 'ஒன்ஸ்மோர்' எழுந்தால் அதே பாட்டைப் புதுச் சங்கதிகளோடு மறுபடி பாட வேண்டும்.

அதே காலத்தில் நியூயோர்க்கிலும் ஒலிவாங்கி இன்றியே அரங்கை நிரப்ப வேண்டியிருந்தது. 1930இல் 'கேர்ள் கிரேசி' என்ற இசை நாடகத்தில் பாடகி எதெல் மெர்மன் அதைச் சாதித்தது நெஞ்சுக்குரலின் வலிமையால். கிட்டப்பா சாதித்தது உயர்ந்த சுருதியின் கூர்மையால். தேவை ஒன்று, தீர்வுகளை அந்தந்த மரபே வகுத்தது.

ஒலிவாங்கிக்குப் பின்

இராம்பொடையில் கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் டெய்சி டேனியல்ஸாகப் பிறந்த ருக்மணி தேவி (1923–1978) ஒலிவாங்கி கொண்டுவந்த மாற்றத்தின் நடுவே நின்றவர். சிறுவயதிலேயே நூர்த்தி மேடை ஏறிய அவர், மினர்வா நாடகக் குழுவின் 'கடவுணு பொரொந்துவ'வில் நடித்தார். எஸ். எம். நாயகம் தயாரிக்க, 1947இல் அதுவே முதல் சிங்களப் பேசும்படமாயிற்று. மேடைக்கு உரத்துப் பழகிய குரலை ஒலிவாங்கிக்கு ஏற்ப அவர் அடக்கிப் பாட வேண்டியிருந்தது. காலப்போக்கில் பின்னணிப் பாடகர் வந்தார். நடிப்பும் பாட்டும் இரு தொழில்களாகப் பிரிந்தன.

யாழ்ப்பாணத்தில் இப்பிரிவு முழுமையாக நிகழவில்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) 'மயான காண்ட'த்தில் அரசனின் கம்பீரத்தையும் சுடலை காப்பவனின் தளர்வையும் தாமே பாடி நடித்தார்.

முடிவு

பார்சி மெட்டு, கர்நாடக இராகம், நாட்டார் சிந்து ஆகிய மூன்றும் ஒரே கொட்டகையில் கூடியதும், ஒரே நடிகர் பல வேடம் தாங்கியதும் பல்குரல் வல்லமையைக் கட்டாயமாக்கின. இன்றைய அரங்கப் பயிற்சி இராகத்தைக் கற்பித்துவிட்டு வேடத்தை இயக்குநரிடம் விட்டுவிடுகிறது. ஒரே சுருதியில் வேடனையும் விருத்தனையும் பாடப் பழக்குவதை இசை வகுப்பே ஏற்க வேண்டும்.