சுருள் விளக்கின் இரண்டாம் பிறவி

1960 மே 16. கலிஃபோர்னியாவில் மாலிபு கடற்கரையை ஒட்டிய ஹியூஸ் ஆய்வுக்கூடம். தியோடர் மைமன் என்ற இயற்பியலாளரின் மேசைமேல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உலோக உருளை இருந்தது. அதற்குள் விரல்நுனி அளவில் ஒரு செயற்கை மாணிக்கக்கல். கல்லைச் சுற்றி ஸ்பிரிங்போலச் சுருண்ட ஒரு கண்ணாடிக் குழாய். அது போட்டோ எடுப்பவர்களுக்காக ஜெனரல் எலக்ட்ரிக் விற்றுவந்த சாதாரண ஃபிளாஷ் விளக்கு.

மாணிக்கம் லேசர் செய்ய உதவாது என்று பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் கைகழுவியிருந்தன. மைமனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. தானே அளந்து பார்த்தார், பழைய கணக்கில் பிழை இருந்தது. ஆனாலும் கல்லை உசுப்ப அசுர வெளிச்சம் தேவைப்பட்டது. தொடர்ந்து எரிகிற எந்த விளக்காலும் அது முடியுமா என்பது சந்தேகம். கண் இமைக்கும் நேரம் மட்டும் எரிந்து அணைகிற ஃபிளாஷ் விளக்கு அந்த நொடிக்குள் கொட்டும் வெளிச்சமோ வேறு ரகம். பட்டியல்களைப் புரட்டி, இருப்பதில் சின்னதாக ஒன்றைப் பொறுக்கினார். மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். விளக்கு வெட்டியது, மாணிக்கத்திலிருந்து செக்கச்செவேலென்று ஒரு கதிர் பாய்ந்தது. உலகின் முதல் லேசர்! எல்லோருடைய கண்ணும் கல்மேல் போயிற்று. வேலை வாங்கிய விளக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மைமனுக்கும் மாலை மரியாதை உடனே கிடைக்கவில்லை. அமெரிக்க இயற்பியல் இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்ப, இங்கிலாந்தின் ‘நேச்சர்’ வெளியிட்டது. ஜூலையில் நியூயார்க்கில் பத்திரிகையாளர் கூட்டம். வந்த படக்காரருக்கு அசல் கருவி ரொம்பப் பொடியாகத் தெரிந்ததால், பெரிதாக இருந்த வேறொன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார். அந்தப் படத்தைப் பார்த்துப் போட்டியாளர்கள் தாங்களும் பெரிதாகவே செய்தார்கள்! மறுநாள் பத்திரிகைகளோ ‘மரணக் கதிர்’ என்று அலறின. அந்த மரணக் கதிரை மனிதத் தோலில் காட்டிப் பார்க்க ஒரு டாக்டர் கிளம்பினார்.

அவர் சின்சினாட்டி நகரத்துத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மேன். 1963-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில் ஒரு வேடிக்கை இருந்தது. செங்கதிர் கறுத்த இடத்தைத் தேடித் தேடித் தாக்கியது; பக்கத்து வெளிர் தோல் பெரும்பாலும் தப்பியது. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிறவர்கள் கருங்கல்லை விட்டு, வெள்ளையடித்த பட்டைமேல் நடப்பார்களே, அதே சூட்சுமம்தான். கறுப்பு வெப்பத்தை விழுங்கும். தோலில் அந்தக் கறுப்பின் பெயர் மெலனின். ஆனால் கல்லில் வாங்கிய சூடு ஓரத்துக்கும் பரவுவதுபோல, கறையில் விழுந்த சூடு நல்ல தோலுக்கும் பரவியது. எழுபதுகளில் ஆர்கான் லேசரால் பிறவிச் செம்மச்சத்தை அழிக்கப் போய், மச்சம் இருந்த இடத்தில் தழும்பைச் சம்பாதித்துக்கொண்ட குழந்தைகள் உண்டு. லேசரைத் தோல் மருத்துவம் கைவிட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

பாஸ்டனில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் வேறு கேள்வி கேட்டார்கள்: எவ்வளவு சூடு என்பது இருக்கட்டும், எவ்வளவு நேரம்? சுடரின் குறுக்கே விரலைச் சட்டென்று ஓட்டினால் சுடுவதில்லை. கறை வாங்கிய சூடு பக்கத்துக்கு நழுவுமுன் வெளிச்சத்தை நிறுத்திவிட்டால், கறை மட்டும் வேகும். 1983-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்தக் கணக்குத்தான் இன்றுவரை இத்தொழிலின் பாலபாடம். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோநொடி. அப்படிச் சில பத்து நானோநொடிகளில் வெட்டி மறையும் மாணிக்க லேசர்கள் மெலனின் மணிகளை உடைத்தன. ராணுவத்தில் தூரம் அளக்கப் பயன்பட்ட அதே நுட்பம்! தோலின் கரும்புள்ளிகள் மறைந்தன. ஆனால் கருவியின் விலை சிறு மருத்துவமனைகளை வாசலிலேயே நிறுத்தியது.

இங்கேதான் இஸ்ரேலில் பாதுகாப்புத் துறை ஆய்விலிருந்து வந்த ஷிமோன் எக்ஹவுஸ் நுழைகிறார். அவர் செய்தது, யோசித்துப் பார்த்தால், கொஞ்சம் அராஜகம்: கல்லையே கழற்றி எறிந்துவிட்டார். மிச்சம் இருந்தது விளக்கு. செனான் வாயு அடைத்த ஃபிளாஷ் விளக்கு, முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி, அவ்வளவே. தொண்ணூறுகளின் நடுவில் அது சந்தைக்கு வந்தது. குறி, காலில் ஓடும் மெல்லிய நரம்புக் கோடுகள். அதில் கருவி சொதப்பியது. சிலருக்குக் கோடு மறைந்தது, சிலருக்குத் தோல் பொசுங்கி வரிவரியாகத் தடம் விழுந்தது. மூலையில் தூங்கியிருக்க வேண்டிய இயந்திரத்தைக் காப்பாற்றியது, யாரும் கேட்காமலே நடந்த இரண்டு சங்கதிகள்.

ஒளி பட்ட இடத்தில் முடி உதிர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் இருந்த பழுப்புத் திட்டுகளும் வெளுத்தன. கலிஃபோர்னியாவில் பாட்ரிக் பிட்டர் என்ற மருத்துவர் ஒளியின் வீரியத்தைத் தணித்து, ஒரே நாளில் வறுத்தெடுக்காமல் சில வார இடைவெளியில் பல தடவையாக, முகம் முழுக்க அடித்துப் பார்த்தார். 2000-இல் அவருடைய கட்டுரை வந்தது. முகத்துக்குச் சரிப்பட்டது கழுத்துக்கு இறங்கியது; கழுத்திலிருந்து, ஆயுசு முழுக்க வெயிலில் கிடந்தும் யாரும் குடை பிடிக்காத புறங்கைக்கு.

ஐம்பது வயதைத் தாண்டிய வெளிர்தோல்காரர்களின் புறங்கையில் காப்பி சிந்தியதுபோல இருக்கும் வெயில் புள்ளிகளுக்கு, கல்லீரலோடு ஒரு சம்பந்தமும் இல்லாமலே ‘கல்லீரல் புள்ளி’ என்று ஆங்கிலத்தில் பெயர். ஐபிஎல் என்ற மூன்றெழுத்தில் இன்று தோல் மருத்துவமனைகள் அவற்றுக்குச் செய்யும் சிகிச்சை, மாலிபுவில் எடுபிடியாக நின்ற அந்த விளக்கின் வாரிசுதான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கைமேல் குளிர்ந்த ஜெல், ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல ஒரு சுளீர். புள்ளி முதலில் இன்னும் கறுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் காப்பித்தூள்போல உதிரும். பழையபடி வெயிலில் காட்டினால் புதிது முளைக்கும்.

விளக்குக்கு ஒரு குறை இன்னும் தீரவில்லை. புள்ளியின் மெலனினையும் தோலின் மெலனினையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் கறுத்த தோலில் அதைத் தொட அனுபவமுள்ள மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நம்மூர் மாநிறத்துக்கு, நீண்ட அலைநீள லேசர்களின் பக்கம்தான் போகிறார்கள்.